ஏழாம் நாள் வந்த எஸ்எம்எஸ்

நேயர்களுக்கு வணக்கம். சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஊரார் பணத்துக்குக் கணக்குப் பார்க்கிறவன் சொந்தப் பணத்தைக் கோட்டைவிட்ட கதை இது.

போன வருடம் மகளின் கல்லூரி வேலைக்காக வீடியோ எடிட்டிங் செயலி ஒன்றைப் போனில் இறக்கினோம். ஏழு நாள் இலவசம், ஆனால் கார்டு விவரம் வேண்டும் என்றது. கொடுத்தேன். மூன்றே நாளில் வேலை முடிந்தது. செயலியை அழித்துவிட்டு மறந்தும் போனேன். எட்டாம் நாள் 3,600 ரூபாய் போய்விட்டது. ஒரு வருடச் சந்தாவாம்!

செயலியை அழித்தால் சந்தா நிற்காது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனால் வாடகை நின்றுவிடுமா? காலி செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். சரி, இப்போதாவது சொல்லலாம் என்று சந்தாவை ரத்து செய்தேன். அதனால் அடுத்த வருடப் பணம் தப்பியது. போன பணம் வரவில்லை. ரத்து வேறு, ரீஃபண்ட் வேறு.

ரீஃபண்டுக்கு எங்கே கேட்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. கூகுள் பிளே மூலம் கட்டியிருந்தால், 48 மணி நேரத்துக்குள் அங்கேயே கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தே தீரும் என்று இல்லை. நேரம் தாண்டினால் செயலியை உருவாக்கியவரிடம்தான் போய் நிற்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் நான் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதியே நாட்களைக் கடத்தினேன். ‘விதிமுறைப்படி இயலாது’ என்று கடைசியில் ஒரு வரி வந்தது.

கணினி மென்பொருட்களில் இன்னொரு வகை உண்டு. மாதா மாதம் பணம் கட்டுவோம், ஒப்பந்தமோ ஒரு வருடத்துக்கு. ஃபோட்டோஷாப் தரும் அடோபியில் அப்படி ஒரு திட்டம். 14 நாளுக்குள் விலகினால் முழுப் பணமும் திரும்பும். அப்புறம் விலகினால் மீதி மாதங்களின் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும் என்பது விதி. மாதம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு மாதத்தில் விலகினால், மீதி எட்டு மாதத்துக்குப் பாதி, 4,000 ரூபாய். இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மறைத்தார்கள் என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது.

நம் நாட்டிலும் சட்டம் சும்மா இல்லை. 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் இதைச் ‘சந்தாப் பொறி’ என்றே வகைப்படுத்துகிறது. ரத்து செய்யும் இடத்தை ஒளித்துவைப்பதும், இலவசத்துக்குக் கார்டு விவரம் கேட்டு வற்புறுத்துவதும் அதில் அடக்கம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம்.

ஆனால் என் பணத்தைக் காப்பாற்றியிருக்கக் கூடியது வேறொன்று. பழைய எஸ்எம்எஸ்களைப் புரட்டியபோது கண்டேன். ஏழாம் நாளே வங்கி எழுதியிருக்கிறது: நாளை இவ்வளவு ரூபாய் எடுக்கப்படும், வேண்டாமென்றால் இந்த இணைப்பில் நிறுத்தலாம் என்று. லோன் வேண்டுமா, நகைக்கடைத் தள்ளுபடி என்று வருகிற குப்பைகளுக்கு நடுவே அதுவும் கிடந்தது. இது வங்கி காட்டும் கருணை இல்லை. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது 2021 அக்டோபரிலிருந்து கட்டாயமாகிவிட்ட ரிசர்வ் வங்கி விதி. 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஓடிபியும் கேட்க வேண்டும் என்று இருந்தது. 2022இல் அந்த வரம்பை 15,000 ஆக்கினார்கள். என் 3,600 இரண்டு வரம்புக்கும் கீழே. ஓடிபி கேட்காமலே போனதற்குக் காரணம் அதுதான்.

மகள் இப்போதெல்லாம் இலவச டிரயல் எடுத்த கையோடு ரத்தும் செய்துவிடுகிறாள். பல செயலிகளில் மீதி நாட்கள் ஓடும். சிலவற்றில் அன்றே கதவைச் சாத்திவிடுவார்கள். நான் பழைய ஆள். தினசரி காலண்டரில் ஆறாம் நாளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைக்கிறேன். வணக்கம்.