பிஸ்லாமா சிதைந்த ஆங்கிலமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர், "பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில் நூற்றுக்கும் மேற்பட்ட சொந்த மொழிகள் இருக்கும்போது, பிஸ்லாமா என்ற சிதைந்த ஆங்கிலத்தை ஏன் தேசிய மொழி ஆக்கினார்கள்?" என்று கேட்டிருக்கிறார். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் என்பது உண்மை. சிதைந்த ஆங்கிலம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

நியூ ஹெப்ரிடீஸ் என்று அப்போது அழைக்கப்பட்ட இத்தீவுகளுக்கு, 1820களில் எரோமாங்கோ என்ற தீவில் சந்தனமரம் இருப்பது தெரிந்தபின் வணிகக் கப்பல்கள் வரத் தொடங்கின. பின்னர் சீனச் சந்தைக்காகக் கடலட்டை சேகரிக்க வந்தார்கள். கடலட்டையைக் குறித்த 'பீச்-லா-மார்' என்ற சொல்தான் திரிந்து பிஸ்லாமா ஆயிற்று. ஆனால் இம்மொழியை உருவாக்கியதில் வணிகத்தைவிடப் பெரிய பங்கு கரும்புத் தோட்டத்துக்கு உண்டு. 1863 முதல் 1904 வரை, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் பசிபிக் தீவினரைக் கொண்டுசெல்லச் சுமார் 62,000 ஒப்பந்தங்கள் போடப்பட்டன. விரும்பிச் சென்றவர்களும் உண்டு. ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. ஒரு தீவின் பேச்சு அடுத்த தீவினருக்குப் புரியாத நிலையில், ஒரே வரிசையில் நின்று கரும்பு வெட்டியவர்கள், காதில் விழுந்த ஆங்கிலச் சொற்களை எடுத்துத் தங்கள் மொழிகளின் இலக்கணத்தில் கோத்துப் பேசினார்கள். ஊர் திரும்பியவர்கள் வழியாக அந்தப் பேச்சு தீவு தீவாகப் பரவியது.

அந்த இலக்கணத்தைத் தமிழர்கள் எளிதில் உணரலாம். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'யூமி', அவரை விலக்கிச் சொன்னால் 'மிஃபாலா'. நம்முடைய நாம், நாங்கள் போலவே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதோடு நில்லாமல், நாம் இருவர் என்றால் 'யூமிது', நாம் மூவர் என்றால் 'யூமித்ரி' என்று தமிழில் இல்லாத இருமையையும் மும்மையையும் பிஸ்லாமா காட்டுகிறது. சொற்கள் ஆங்கிலத்தவை, அவற்றை இயக்கும் முறை தீவுகளுடையது. நாட்டின் இலச்சினையில் 'லோங் கோட் யூமி ஸ்தானப்', அதாவது கடவுளில் நாம் நிற்கிறோம் என்று எழுதியிருக்கிறது. அங்கே 'மிஃபாலா' என்று எழுதியிருந்தால் வாசிப்பவர் வெளியே நின்றிருப்பார்.

இனி, தேசிய மொழி ஆன காரணத்துக்கு வருகிறேன். 1906 முதல் பிரிட்டனும் பிரான்சும் இத்தீவுகளைக் கூட்டாக ஆண்டன. காவல்துறை இரண்டு, சிறைச்சாலை இரண்டு, பள்ளிகளும் இரண்டு வகை. மண்ணின் மக்களோ இரண்டு நாடுகளில் எதன் குடிமக்களும் அல்லர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவரும் ஆங்கிலப் பள்ளியில் படித்தவரும் ஒரே மேடையில் விடுதலையைப் பற்றிப் பேச வேண்டியபோது, இருவருக்கும் பொதுவாக இருந்தது பிஸ்லாமாதான். சொந்த மொழிகளில் ஒன்றைத் தேர்ந்திருந்தால் மற்றத் தீவினர் மனம் புண்பட்டிருக்கும். 1980 ஜூலை 30 அன்று, ஆங்கிலிக்கன் பாதிரியாரான வால்டர் லினியைப் பிரதமராகக் கொண்டு நாடு விடுதலை அடைந்தது. பிஸ்லாமாவே தேசிய மொழி என்று அரசியல் சட்டம் அறிவித்தது. ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் அதனோடு ஆட்சிமொழித் தகுதி தரப்பட்டது.

எனக்கு வருத்தம் தருவது, அதே சட்டம் கல்விக்குரிய முதன்மை மொழிகளாக ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் மட்டுமே குறிப்பிடுவதுதான். தேசிய மொழி என்ற பெயரைப் பெற்ற ஒரு மொழி, சட்டத்தின் கண்ணில் வகுப்பறைக்கு வெளியே நிற்க நேர்ந்துவிட்டது.

இது கிரியோலா, பிட்ஜினா என்றும் அதே நேயர் கேட்டிருக்கிறார். வெவ்வேறு மொழியினர் தங்களுக்குள் பேச உருவாக்கிக்கொண்ட, யாருக்கும் தாய்மொழி அல்லாத கலப்பு மொழி பிட்ஜின்; அதுவே தாய்மொழியாகிவிட்டால் கிரியோல். பெரும்பாலானவர்களுக்கு இது இன்றும் இரண்டாம் மொழி. வீட்டில் தம் தீவின் மொழியைப் பேசுகிறார்கள். ஆனால் போர்ட் விலா, லுகன்வில் ஆகிய நகரங்களில், வெவ்வேறு தீவுகளைச் சேர்ந்த தாய் தந்தையருக்குப் பிறந்த பல குழந்தைகள் முதலில் பேசப் பழகுவது பிஸ்லாமாவைத்தான். அக்குழந்தைகளைப் பொறுத்தவரை இது தாய்மொழி. எனவே கிரியோல் என்று சொல்வதே பொருந்தும்.