தலை மாறியது, குதிரை மாறவில்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். பரோக் காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், செப்புத்தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்ட உருவப்படங்களில் அதிகாரத்தைக் காட்டுவது முகமா, அலங்காரமா என்பது இன்றைய தலைப்பு. அலங்காரமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், பிரெஞ்சுச் செதுக்குக் கலைஞர் ராபர்ட் நாந்தேயைத் தூக்கிப் பிடித்தார். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியை நேரில் பார்த்து வரைந்தவர், அந்த முகத்திலேயே ராஜ களை தெரிகிறது என்றார். நாந்தேய் பெரிய கலைஞர்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அவருடைய பல படங்களில் முகத்தைச் சுற்றி என்ன இருக்கிறது? கல்லில் கொத்தியதுபோல நீள்வட்டச் சட்டம், லத்தீனில் பெயரும் பட்டமும், கீழே குலச்சின்னம். இதையெல்லாம் கையால் மறைத்துவிட்டு, அவர் செதுக்கிய கார்டினல் மசாரினைப் பாருங்கள். கார்டினல் என்ற உயர் திருச்சபைப் பதவிக்கான தொப்பியையும் எடுத்துவிடுங்கள். பிரான்சை ஆட்டிவைத்த அமைச்சரா தெரிகிறார்? குறுந்தாடி வைத்த ஒரு பெரியவர், அவ்வளவுதான்.

இன்னொரு படம் பார்ப்போம். பிரெஞ்சு பிஷப் பொசுவே 1704இல் இறந்தார். ஓவியர் ரிகோ தீட்டிய ஓவியத்தைப் பார்த்து 1723இல் அவரைத் தகட்டில் செதுக்கியவர் பியர் ஆம்பேர் த்ரெவே. அந்தப் படத்தில் இன்றுவரை எல்லோரும் வியப்பது லேஸையும் துணி மடிப்பையும்தான். நிறமே இல்லாமல், கோட்டின் தடிமனையும் இடைவெளியையும் வைத்தே பட்டு வேறு, லேஸ் வேறு என்று காட்டியிருக்கிறார். பொசுவேயின் மூக்கைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

இப்போது என் முக்கிய சாட்சி. லண்டனில் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் பியர் லோம்பார் 1650களில், இங்கிலாந்தில் மன்னராட்சி ஒழிந்தபின் ஆட்சிக்கு வந்த ஆலிவர் க்ராம்வெல்லைக் குதிரைமேல் ஏற்றி ஒரு தகடு செதுக்கினார். கவசம், கம்பீரமான குதிரை, பக்கத்தில் ஒரு பணியாள். செம்பு மெத்தென்ற உலோகம். வேண்டாத இடத்தைச் சுரண்டித் தேய்த்துவிட்டு மறுபடி செதுக்கலாம். லோம்பார் தகட்டில் தலையை மட்டும் அழித்தார்கள். அதே உடம்பில் லூயியின் தலை வந்தது. இங்கிலாந்து மன்னர் சார்லஸின் தலையும் வந்தது. எந்தச் சார்லஸ்? 1649இல் க்ராம்வெல்லும் கையெழுத்துப் போட்ட ஆணையால் தலை போனாரே, அதே சார்லஸ்! நிஜத்தில் போன தலை செம்பில் கிடைத்தது, அதுவும் எதிரியின் கழுத்தின்மேல். தலையே இல்லாத அச்சும் இருக்கிறது. அதைப் பார்த்தாலும் "யாரோ பெரிய ஆள்" என்றுதான் சொல்வோம்.

"தலையை மாற்ற வேண்டியிருந்ததே, அப்போது முகம் முக்கியம்தானே?" என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. ஆள் யார் என்று சொல்ல முகம் வேண்டும். அவர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்று அந்த முகம் சொல்லாது. லோம்பார் அந்தக் குதிரைக்காரரின் அமைப்பை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? ஓவியர் வான் டைக் 1633இல் தீட்டிய சார்லஸ் மன்னரின் ஓவியத்திலிருந்து! முடியாட்சியையே ஒழித்தவரைப் பெரிய மனிதராகக் காட்ட, அந்த மன்னரின் குதிரையைத்தான் கடன் வாங்க வேண்டியிருந்தது. க்ராம்வெல்லின் முகமே போதும் என்றால் அது எதற்கு? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு நாந்தேயிடம் போகட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.