வான்கோழிக் குஞ்சின் முதல் இரண்டு வாரம்

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவில் நவம்பர் மாத விருந்துக்கு மேசைக்கு வருவது பண்ணை வான்கோழி. நெஞ்சு பெருத்து, பறக்கவே முடியாத பறவை அது. நான் பேச வந்திருப்பது அதன் காட்டுச் சொந்தத்தைப் பற்றி. இது செம்பு நிறத்தில் மினுங்கும், ராத்திரி மரக்கிளையில் தூங்கும், ஆபத்து என்றால் விருட்டென்று எழும்பிப் பறந்துவிடும். ஜார்ஜியா, அலபாமா, தென் கரோலினா, ஆர்கன்சா, மிசூரி போன்ற மாநிலங்களில் இந்தக் காட்டு வான்கோழி 20 ஆண்டுகளுக்கு மேலாகக் குறைந்துகொண்டே வருகிறது.

ஏற்கெனவே ஒருமுறை அழிவின் விளிம்புவரை போய்த் திரும்பிய பறவை இது. காடுகளை வெட்டினார்கள், வருடம் முழுக்கச் சுட்டார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடைசி வான்கோழி 1851இல் போய்ச் சேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடு முழுக்கத் தேடினாலும் சில லட்சங்களுக்கு மேல் தேறாது என்ற நிலை. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். காட்டில் எப்படிப் பிழைப்பது என்று தாய் காட்டிக்கொடுக்காத குஞ்சுகள், நிலைக்கவில்லை. 1951இல் தென் கரோலினாவில் பீரங்கி வலை கைகொடுத்தது. தானியத்தைத் தூவி, கூட்டம் மேய வந்ததும் வெடிமருந்தின் வேகத்தில் வலை பாய்ந்து மூடிவிடும். அப்படிப் பிடித்த காட்டுப் பறவைகளையே பெட்டியில் ஏற்றி மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோய் விட்டார்கள். இதற்கான பணத்தில் பெரும்பங்கு வேட்டைக்காரர்களுடையது. துப்பாக்கி, தோட்டா விற்பனைமீதான வரி, 1937இல் வந்த சட்டப்படி வனவிலங்குப் பணிகளுக்கே போகிறது.

2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் எண்ணிக்கை 70 லட்சத்தை நெருங்கியது. இப்போது 60 லட்சம் என்ற அளவில் இருக்கிறது. அறுபது லட்சம் இருக்கும்போது என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். புதிதாகக் குடியேறிய இடத்தில் எந்த உயிரினமும் முதலில் மளமளவென்று பெருகி, அப்புறம் நிலம் தாங்கும் அளவுக்கு இறங்கத்தான் செய்யும். இந்தச் சரிவில் ஒரு பங்கு அப்படிப்பட்டதே என்று ஆய்வாளர்களும் சொல்கிறார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குஞ்சுக் கணக்கைப் பார்த்தால் அந்த நிம்மதி நிற்காது. கோடையில் ஒரு பெட்டைக்கு எத்தனை குஞ்சு என்று எண்ணுவது வழக்கம். ஒரு காலத்தில் மூன்று, நான்கு என்று இருந்தது, தென்கிழக்கில் பல இடங்களில் இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது.

பெட்டை தரையில்தான் முட்டையிடும். சருகில் ஒரு சின்னப் பள்ளம், அதில் பத்துப் பன்னிரண்டு முட்டை, 28 நாள் அடை. ரக்கூன், ஒப்போசம், ஸ்கங்க், பாம்பு, காக்கை எல்லாமே முட்டை தேடி அலைகின்றன. ஐந்து கூட்டில் ஒன்று பொரித்தாலே பெரிய காரியம். பொரித்த குஞ்சு மறுநாளே தாயோடு நடக்கத் தொடங்கிவிடும். ஆனால் மரமேற இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஒவ்வொரு ராத்திரியும் தாய் தரையிலேயே உட்கார்ந்து சிறகுக்குள் வைத்துக் காக்க வேண்டும். இரண்டு நாள் விடாமல் குளிர்மழை பெய்தாலே நனைந்த குஞ்சுகள் விறைத்துச் சாகும். சாகிற குஞ்சுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வாரத்துக்குள் சாகின்றன.

இந்த நாட்களில் குஞ்சுக்குத் தேவை வெட்டுக்கிளி, வண்டு, புழு. தானியம் தின்று அது வளராது. பூச்சி நிறைந்த புல்வெளி வேண்டும். அந்தப் புல்லும் குஞ்சை மறைக்கிற உயரம் இருக்க வேண்டும், தாய் தலையைத் தூக்கினால் சுற்றுமுற்றும் தெரிகிற அளவுக்குக் குட்டையாகவும் இருக்க வேண்டும். அடியில் குஞ்சு நடக்க இடைவெளியும் வேண்டும்.

அப்படிப்பட்ட நிலத்தைத் தென்கிழக்கில் உண்டாக்கிக்கொண்டிருந்தது நெருப்பு. மின்னல் வைத்த தீ ஒருபக்கம், பூர்வகுடிகள் வைத்த தீ இன்னொரு பக்கம். சில வருடங்களுக்கு ஒருமுறை தரைத்தீ ஓடி, லாங்லீஃப் பைன் மரங்களுக்கு அடியில் புல்லும் பூவும் தழைத்திருந்தது. ஒரு காலத்தில் அந்தக் காடு ஏறக்குறைய 9 கோடி ஏக்கர். கடந்த நூற்றாண்டின் கடைசியில் மிஞ்சியது 30 லட்சம் ஏக்கர் அளவுதான். அந்த இடங்களில் இப்போது நெருக்கி நட்ட வேறு பைன் தோட்டங்கள், உள்ளே வெயிலே இறங்காது. மேய்ச்சல் நிலங்களிலோ பாய் விரித்த மாதிரி அடர்ந்த ஃபெஸ்க்யூ புல், குஞ்சு உள்ளே நுழையவே முடியாது.

இது புதுச் செய்தியும் இல்லை. பாப்வைட் காடை என்றொரு சிறு வேட்டைப் பறவை குறைகிறதே என்று 1924இல் ஹெர்பர்ட் ஸ்டாடர்ட் என்பவர் ஜார்ஜியா-புளோரிடா எல்லையில் ஆராயத் தொடங்கினார். காட்டைக் கொளுத்தாமல் விட்டதுதான் கேடு என்றார். காட்டில் தீ வைப்பது பாவம் என்று அரசு வனத்துறையினர் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவர் சொன்னதைக் கேட்ட பெரிய எஸ்டேட்களில் இன்றும் காடை இருக்கிறது. நாடு முழுக்கப் பார்த்தால் 1966க்குப் பிறகு அந்தக் காடை 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. தரையில் கூடு கட்டி, குஞ்சைப் பூச்சி கொடுத்து வளர்க்கிற பறவை அதுவும்.

ஊரில் பேசினால் எல்லாரும் கயோட்டி என்கிற ஓநாய் இன விலங்கைத்தான் கை காட்டுவார்கள். கயோட்டி வான்கோழி தின்னும், மறுக்கவில்லை. ஆனால் முட்டைக்கு எமன் ரக்கூன் வகையறா. 1980களின் கடைசியில் ரோமத்தோல் விலை படுத்ததும் அவற்றைப் பொறிவைத்துப் பிடிப்பவர்கள் குறைந்தார்கள். 2009இல் காட்டு வான்கோழியில் ஒரு வைரஸ் தெரியவந்தது, பரவலாகவும் இருக்கிறது. தொற்றியவற்றில் பெரும்பாலானவை நோய்க்குறியே இல்லாமல் திரிகின்றன.

வேட்டைக் காலம் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. வசந்தத்தில் சுடுவது சேவலை. சத்தமிட்டுப் பெட்டையை அழைக்கிற தலைமைச் சேவலை இணைசேரும் முன்பே சுட்டுவிடுகிறோமோ என்பது ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சேம்பர்லின் போன்றோரின் கவலை. 2022இல் ஜார்ஜியா வேட்டைத் தொடக்கத்தைத் தள்ளிவைத்து, ஒருவர் சுடக்கூடிய சேவலை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஆனால் டென்னசியில் இரண்டு வாரம் தள்ளிவைத்துச் சோதித்தபோது கூடுகளின் வெற்றி கூடவில்லை. தேதியை மாற்றுவது அரசுக்குச் சுலபம், ஒரு அறிவிப்போடு முடிந்துவிடும். தனியார் தோட்டக்காரர்களை மரத்தை இடைவெளிவிட்டு வெட்டி, தரையைக் கொளுத்தச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு சுலபமில்லை. அதனால்தான் பேச்சு தேதியிலேயே சுற்றுகிறது என்பது என் எண்ணம்.

இதே சமயம் பாஸ்டன் புறநகரில் வான்கோழிகள் தபால்காரரைத் துரத்துகின்றன! அதைக் காட்டி, பறவைக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. பாஸ்டன் கூட்டத்தால் அலபாமா காடு நிரம்பாது.

அந்த மாநிலங்களில் இருக்கும் நம் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூலை, ஆகஸ்டில் பல மாநில வனவிலங்குத் துறைகள் வான்கோழிக் கணக்கெடுப்பு நடத்துகின்றன, பொதுமக்களும் பதியலாம். தாயும் குஞ்சுமாகச் சாலையோரம் கண்டால் எல்லாரும் ஆசையாகப் பதிந்துவிடுகிறார்கள். குஞ்சே இல்லாமல் தனியாக மேயும் பெட்டையை விட்டுவிடுகிறார்கள். அப்போது சராசரி பொய்யாக ஏறிவிடும். அந்தப் பெட்டையையும் தவறாமல் பதியுங்கள், குஞ்சு என்ற இடத்தில் பூஜ்யம் என்று போட்டு.

நன்றி, வணக்கம்.