உப்பின் பின்னால் போகும் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். வயிற்றுப்போக்கு என்றதும் "நிறையத் தண்ணீர் குடி" என்பார்கள். இது பாதி சரியான யோசனை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால்தான் சிக்கல் வருகிறது.

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளே, மீதி வெளியே. உள்ளே பொட்டாசியம் அதிகம். வெளியே, சமையல் உப்பில் இருக்கும் சோடியம் அதிகம். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோலுக்குள் (மில்லிமோல் என்பது பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலே தாகம் எடுக்கும், சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சிறுநீர் அடர்மஞ்சளாகும்.

பேதியாகும்போது தண்ணீரோடு சோடியம், பொட்டாசியம், ரத்தத்தில் அமிலம் மிகாமல் காக்கும் பைகார்பனேட் ஆகிய மூன்றும் வெளியேறுகின்றன. அந்த நிலையில் வெறும் தண்ணீரையே கொடுத்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தண்ணீர் செல்களுக்குள் புகும். மூளைச் செல்கள் வீங்கும். மண்டை ஓட்டுக்குள் வீங்குவதற்கு இடம் ஏது? தலைவலி, குழப்பம், முற்றினால் வலிப்பு. கைக்குழந்தைகளிடம் மிகுந்த கவனம் தேவை.

சரி, உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா? அதுவும் போதாது. சிறுகுடலின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு வந்தால், அதோடு இரண்டு சோடியம் அயனிகளைச் சேர்த்து உள்ளே இழுக்கும். உப்பு உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராவில்கூட இந்த வழி அடைபடுவதில்லை. பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் குடிக்கக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலின் உயிர்நாடியே இதுதான். அதில் சர்க்கரை சுவைக்காகச் சேர்த்தது அல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் அளவு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு இது: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். சிட்ரேட் எதற்கு? பைகார்பனேட் குறையும்போது ரத்தத்தில் அமிலம் மிகுந்துவிடும். அந்த அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்ற நுரையீரல் முயலும். அதனால்தான் கடும் பேதியில் குழந்தை ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குகிறது. அதைச் சளிக் காய்ச்சல் என்று நினைத்துவிட வேண்டாம். சிட்ரேட் உடலுக்குள் பைகார்பனேட்டாக மாறி அந்தக் குறையை ஈடுகட்டும்.

பெரும்பாலும் தவறு நடப்பது கலக்கும்போதுதான். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைக் கால் லிட்டர் தண்ணீரில் கொட்டினால் கரைசல் நான்கு மடங்கு அடர்த்தியாகிவிடும். குடல் அதை உறிஞ்சுவதற்குப் பதிலாக உடலிலிருந்து தண்ணீரை இழுக்கும். பேதி கூடும், ரத்தத்தில் சோடியம் ஏறும். 200 மில்லிக்கான சிறிய பொட்டலங்களும் இருக்கின்றன. ஆகவே பொட்டலத்தின் மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து படித்துவிட்டுத் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் நல்லது. கலந்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் மீந்ததைக் கொட்டிவிடுங்கள். குளிர்பானம் இதற்கு மாற்று அல்ல: அதில் சர்க்கரை மிக அதிகம், சோடியம் மிகக் குறைவு.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 100 முதல் 200 மில்லி கொடுங்கள். வாந்தி எடுத்தால் நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம்.

குழந்தை துவண்டு கிடந்தாலோ, கண்கள் குழிவிழுந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு விநாடிக்கு மேலாகியும் பழைய நிலைக்குத் திரும்பாவிட்டாலோ, ரத்த நாளம் வழியாகத் திரவம் ஏற்றவேண்டிய கட்டம் வந்திருக்கக்கூடும். மலத்தில் ரத்தம் தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நினைவோடு இருந்து விழுங்க முடிகிற குழந்தைக்கு, போகும் வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

வணக்கம்.