லிச் என்றொரு சொல்

நேயர்களுக்கு வணக்கம். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வி காதில் விழுந்திருக்கும்: "பாடியை எப்போ கொடுப்பாங்க?" ஆங்கிலத்தில் பாடி என்றால் உயிரோடிருக்கும் உடம்பும்தான். நம் பேச்சில் மனிதரைப் பற்றி வந்தால் பெரும்பாலும் பிணம்.

இதே கதி இங்கிலாந்திலேயே இன்னொரு சொல்லுக்கு நேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் உடம்புக்கு 'லீச்' என்று பெயர், உயிருள்ளதற்கும் அதுதான், செத்ததற்கும் அதுதான். போகப்போக உயிருள்ள உடம்பை 'பாடி' எடுத்துக்கொள்ள, இதற்குப் பிணம் மட்டும் மிஞ்சியது, உச்சரிப்பும் 'லிச்' என்று குறுகியது.

இங்கிலாந்தின் கிராமத்துச் சர்ச்சுகளில், கல்லறைத் தோட்டத்து வாசலில் சின்னதாகக் கூரை போட்டிருக்கும். அதுதான் லிச் கேட். தூக்கி வந்தவர்கள் பெட்டியை இறக்கிவைத்து, பாதிரியார் வரும்வரை மழைக்கு ஒதுங்குகிற இடம். சிலவற்றில் பெட்டி வைக்கவே நடுவில் ஒரு கல் கிடக்கும்.

டெவன் பகுதியில் டார்ட்மூர் என்று ஒரு பொட்டல் மேடு. அங்கே சிதறிக் கிடந்த பண்ணை வீடுகளில் யார் செத்தாலும் லிட்ஃபோர்டு சர்ச்சுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சுமார் 12 மைல், சேறும் ஆறும் தாண்டி, தோளில் பிணம். குளிர்காலத்தில் அந்த நடையை நினைத்துப் பாருங்கள். 1260-ல்தான் எக்ஸிடர் பிஷப், தூரத்து வீடுகள் சிலவற்றுக்குப் பக்கத்திலிருந்த வைட்கூம் சர்ச்சுக்குப் போக அனுமதி தந்தார். லிட்ஃபோர்டுக்குப் பிணம் சுமந்த அந்தப் பழைய தடத்துக்கு இன்றும் லிச் வே என்றுதான் பெயர்.

சரி, சொல் செத்துவிட்டதா? இல்லவே இல்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன். 'ரொம்ப ஃப்ரெண்ட்லியா பழகுவார்' என்கிறோமே, அந்த 'லி' இதே லீச்தான். உடம்பு என்பது உருவமாகி, உருவம் தன்மையாகி, நண்பனின் தன்மை கொண்டவர் என்று ஆனது. டெய்லி, வீக்லி எல்லாவற்றிலும் அந்த உடம்பு ஒட்டியிருக்கிறது. 'போல' என்று பொருள்படும் லைக், 'ஒரே உடம்பு கொண்ட' என்பதிலிருந்து வந்தது. அப்புறம், நீங்கள் போனில் கட்டைவிரலால் அழுத்துகிற அந்த லைக்கும் இதே வேரில் முளைத்ததுதான்! விச், சச், ஈச் என்ற சொற்களுக்குள்ளும் அது கரைந்து கிடக்கிறது, பிரித்துக் காட்ட ஆசை, ஆனால் நேரம் முடிகிறது.

ஒன்றே ஒன்று. வட இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் பிணத்தருகே இரவெல்லாம் கண்விழித்திருப்பதை லைக் வேக் என்பார்கள். அந்த லைக்கும் இதே உடம்புதான். வணக்கம்.