கடைசி சேவ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

அவைக்கு வணக்கம்.

பழைய ஆர்பிஜி கேம்களைப் பற்றி, அதாவது ஒரு பாத்திரத்தை ஏற்று அதை வளர்த்துக்கொண்டே போகும் வீடியோ கேம்களைப் பற்றி, இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் சண்டை வந்துவிடும். ஒருவர், "அந்தக் காலத்துக் கேம்தான் கேம், இப்போது வருவதெல்லாம் ஊட்டிவிடுகிற ரகம்" என்பார். மற்றவர், "அதில் என்ன கஷ்டம்? ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி லெவல் ஏற்றுகிற கூலிவேலை" என்பார். இருவரும் பேசுவது அரக்கனின் பலத்தைப் பற்றி. என் கட்சி வேறு. பழைய ஆர்பிஜியின் கஷ்டத்தை அளக்க வேண்டுமானால் அரக்கனைப் பார்க்காதீர்கள். கடைசியாக சேவ் செய்த, அதாவது ஆட்டத்தைப் பதிந்து வைத்த, இடத்துக்கும் இப்போது நிற்கிற இடத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

ஆக்‌ஷன் கேமில் கை தப்பினால் உயிர் போய்விடும். முறை வைத்து அடித்துக்கொள்ளும் ஆர்பிஜியில் அந்தப் பேச்சே கிடையாது. நீங்கள் அரை மணி நேரம் யோசித்தாலும் எதிரி பொறுமையாகக் காத்திருப்பான். அங்கே கஷ்டம் என்பது முழுக்க முழுக்கக் கணக்கு: கையில் எவ்வளவு உயிர் இருக்கிறது, எவ்வளவு மந்திரம் இருக்கிறது, வீடு திரும்ப எத்தனை அடி.

1986இல் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீட்டுக் கேம் கருவியில் வந்த டிராகன் குவெஸ்டை எடுத்துக்கொள்வோம். முழுக் கேமும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. 1989இல் அமெரிக்காவுக்கு டிராகன் வாரியர் என்ற பெயரில் போன பதிப்பின் எண்களைச் சொல்கிறேன். அரசர் கொடுப்பது 120 தங்கம். மூங்கில் கம்பு 10, தடி 60, செம்பு வாள் 180. கையிலிருக்கும் காசுக்கு நல்ல வாள் கிடைக்காது. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

அடியின் கணக்கு எளிது. உங்கள் தாக்கும் சக்தியிலிருந்து எதிரியின் பாதுகாப்பில் பாதியைக் கழியுங்கள். மிச்சத்தில் கால்வாசிக்கும் அரைவாசிக்கும் இடையில் ஓர் எண்தான் நீங்கள் கொடுக்கும் அடி. ஆரம்ப பலம் 4 என்று வைத்துக்கொள்வோம். மூங்கில் கம்பு 2 கூட்டும், மொத்தம் 6. ஸ்லைம் என்ற எளிய எதிரியின் பாதுகாப்பு 3, உயிர் 3. அடி ஒன்றோ இரண்டோதான் விழும். இரண்டு மூன்று முறை அடித்தால்தான் சாகும். செம்பு வாள் 10 கூட்டும், மொத்தம் 14. குறைந்தபட்ச அடியே 3. ஒரே வெட்டு. ஒரு வெட்டில் முடிந்தால் அது திருப்பி அடிக்கிற வாய்ப்பு பாதிக்கு மேல் போய்விடுகிறது. அந்த மிச்ச உயிரைக் கொண்டு இன்னும் பத்து அடி தூரம் போகலாம். லெவல் ஏற்றி இதே பலனைப் பெறுவது நீண்ட வேலை. சில லெவல்களில் பலம் கூடவே கூடாது. ஆகவே "லெவல் போதவில்லை" என்று புலம்புகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, கையில் என்ன வாள் என்பதைத்தான்.

அந்தக் கேமில் சேவ் செய்யும் இடம் உலகம் முழுக்க ஒன்றே ஒன்று: தொடக்கத்துக் கோட்டையில் அரசரின் முன்னால். எங்கே போனாலும் அங்கேதான் திரும்ப வேண்டும். வீடு திரும்பும் மந்திரம் 13ஆம் லெவலில்தான் வருகிறது. அதுவரை 70 தங்கம் கொடுத்து வைவர்ன் இறகு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது நடக்க வேண்டும். ஆனால் செத்தால்? சண்டைகளில் சேர்த்த அனுபவப் புள்ளிகள் அப்படியே இருக்கும், தங்கத்தில் பாதி போகும், அரசர் முன்னால் எழுந்து நிற்பீர்கள். இந்த ஒரு விதி கேமின் குணத்தையே மாற்றிவிடுகிறது. தோற்றாலும் நீங்கள் கொஞ்சம் பலசாலியாகத்தான் திரும்புகிறீர்கள். இழப்பைத் தவிர்க்க வழியும் இருக்கிறது: கிளம்பும் முன் காசைப் பொருளாக மாற்றிவிடுங்கள். மூன்றாம் டிராகன் குவெஸ்டில் தங்கத்தை 1000 1000ஆகப் போட்டு வைக்க வங்கியே கொடுத்துவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிர்முனையில் 1981இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த விசர்ட்ரி. 20க்கு 20 கட்டங்கள் கொண்ட பத்துத் தளங்கள். குழு முழுக்க மடிந்தால் உடல்கள் நிலவறையில் கிடக்கும். புதிதாக ஒரு குழுவை உருவாக்கி, பயிற்சி கொடுத்து, அதே இடத்துக்கு அனுப்பித் தூக்கிவர வேண்டும். கோயிலில் காசு கட்டி உயிர்ப்பிக்கலாம். அது தோற்றால் உடல் சாம்பலாகும். சாம்பலை உயிர்ப்பிக்க முயன்று தோற்றால் அந்தப் பாத்திரம் நிரந்தரமாகப் போய்விட்டது. இடம்விட்டு இடம் தாவும் மந்திரத்துக்கு எண்களைத் தப்பாகக் கொடுத்தால் மொத்தக் குழுவும் பாறைக்குள் புதைந்துவிடும். சாவைக் கேமே டிஸ்க்கில் எழுதிவிடுவதால், எழுதுவதற்குள் டிஸ்க்கை வெளியே இழுப்பது அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் கைவேலை. அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது 1987இன் ஃபைனல் ஃபேண்டஸி. கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல பாடம் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விதி கொடுமையானது. உங்கள் குழுவின் நால்வரும் விழுந்தால் கடைசி சேவ் வரை எல்லாம் போச்சு, அனுபவமும் மிஞ்சாது. சேவ் செய்வது சத்திரத்தில், அல்லது கூடாரம் போன்ற பொருட்களைப் பயன்படுத்தி வெளி நிலத்தில். குகைக்குள் கிடையாது. ஆரம்பத்தில் கையிலிருப்பது 400 தங்கம். மருந்துக் குப்பி 60, விஷமுறிவு 75. கடையில் ஒன்றொன்றாகத்தான் வாங்க முடியும்; 50 குப்பி வேண்டுமென்றால் 50 தடவை பொத்தானைத் தட்டுங்கள். இதை யாரும் கஷ்டம் என்று பாராட்ட வேண்டாம், வெறும் அசௌகரியம்.

பெரும்பாலோர் கைவிடும் இடம் சதுப்புக் குகை. எடுத்துவர வேண்டிய கிரீடம் இருக்கிற தளம் வரை போவது ஒரு வேலை. கிரீடப் பெட்டியைக் காவல் காக்கும் கூட்டத்தை அடிப்பது இன்னொரு வேலை. அதே வழியில் திரும்பி வருவது மூன்றாவது வேலை. குகையிலிருந்து வெளியேற்றும் மந்திரம் அந்தக் கட்டத்தில் வாங்கவே கிடைக்காது. மூன்றாவது வேலையை மறப்பவர்கள்தான் சாகிறார்கள். விஷம் ஏறியவருக்கு ஒவ்வோர் அடிக்கும் ஓர் உயிர்ப்புள்ளி குறையும். ஆயுதத்துக்கு மசியாத களிமண் போன்ற ஜந்துக்களுக்குத் தீ மந்திரம் வேண்டும். ஆனால் மந்திரமோ ஒவ்வொரு படிநிலைக்கும் இத்தனை முறை என்று எண்ணிக் கொடுத்திருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். லெவல் 10 அளவில் போங்கள். குப்பிகளை முடிந்த மட்டும், 99 வரை வாங்கலாம், வாங்குங்கள். ஐந்தாறு விஷமுறிவு போதாது, இருபது வேண்டும். முதல் பயணத்தில் கிரீடத்தைத் தொடவே தொடாதீர்கள்: மற்ற பெட்டிகளைத் திறந்து, பாதை பார்த்து, குப்பி பாதியானதும் திரும்பிவிடுங்கள். அந்தப் பணத்தில் எல்ஃப் ஊரில் 4000 தங்கத்துக்கு விற்கும் வெள்ளி வாளை வாங்கிவிட்டு, இரண்டாம் பயணத்தில் நேராகக் கிரீடத்துக்குப் போங்கள். வழியில் தப்பி ஓட முடிந்த சண்டையில் எல்லாம் ஓடுங்கள். தாக்கும் மந்திரங்களைக் காவல்கூட்டத்துக்காக வைத்திருங்கள்.

சண்டைக்குள்ளேயே ஒரு நுட்பம் உண்டு. இருவரை ஒரே எதிரிமேல் ஏவி, முதல்வர் அடியிலேயே அது விழுந்துவிட்டால், இரண்டாமவர் அடி காற்றில் போகும். புதிய பதிப்புகளில் அது தானாக அடுத்த எதிரிக்குத் திரும்பிவிடுகிறது, மூலத்தில் திரும்பாது. பலர் இதைக் குறை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த எதிரிக்கு எத்தனை அடி தேவை என்று நினைவில் வைத்து ஆட்களைப் பிரித்து ஏவுவதுதான் அந்தக் கேமில் உள்ள உண்மையான விளையாட்டு. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பது.

சீக்கிரம் பலம் ஏற்ற வேண்டுமானால் பிரவோகா ஊருக்கு வடகிழக்கில் ஒரு நிலமுனை இருக்கிறது. உலக வரைபடத்தை 8க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு அரக்கர் பட்டியல் என்று வைத்திருக்கிறார்கள். அந்த முனையின் நுனி பக்கத்துக் கட்டத்துக்குள் விழுந்துவிட்டது. ஆகவே வெகு பின்னால் சந்திக்க வேண்டிய ராட்சதர்கள் அங்கே வருவார்கள், அனுபவமும் அதற்கேற்ப. நுழைகிற இடத்திலேயே நின்று ஒரு சண்டை, ஊருக்குத் திரும்பி ஒரு தூக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கஷ்டம் என்ற பெயரில் நாம் மன்னித்துவிடக் கூடாதவை. இந்த மூலப் பதிப்பில் அறிவு என்ற குணத்துக்கு எந்த வேலையும் இல்லை; மந்திரவாதியின் அறிவு ஏறினாலும் மந்திரம் வலுக்காது. ஆயுதத்தின் நெத்தியடி வாய்ப்பு அதற்கென்று எழுதிய எண்ணைப் பார்க்காமல் ஆயுதப் பட்டியலில் அதன் வரிசை எண்ணைப் பார்க்கிறது. டெம்பர், சேபர் இரண்டு மந்திரங்களும் தாக்கும் சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லி ஒன்றும் செய்வதில்லை. வெளிநிலத்தில் வீடு என்ற பொருளைப் பயன்படுத்தினால், மந்திரம் நிரம்புவதற்கு முன்பே சேவ் எழுதப்படுகிறது. அணைத்துப் போட்டால் மந்திரம் காலியாகத்தான் இருக்கும். இவை புரோகிராமில் விட்ட பிழைகள். தெரிந்து வைத்துக்கொண்டு ஒதுங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

கடவுச்சொல்லும் இதே இனம். பேட்டரி வைத்த கேட்ரிட்ஜ் வருவதற்கு முன் ஜப்பானில் முதல் டிராகன் குவெஸ்டுக்கு 20 எழுத்துகள், 1987இன் இரண்டாம் பாகத்துக்கு 52 எழுத்துகள் வரை கையால் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. ஓர் எழுத்து பிசகினால் முழு உழைப்பும் போகும். அரக்கன் கொல்லாத ஆளைப் பேனா கொன்றது.

நாடு மாறியபோது கஷ்டமும் மாற்றப்பட்ட கதை தனி. 1991இல் நான்காம் ஃபைனல் ஃபேண்டஸி அமெரிக்காவுக்குப் போனபோது பல கட்டளைகளையும் பொருட்களையும் நீக்கி எளிதாக்கினார்கள். அதே ஆண்டு ஜப்பானிலும் ஈஸிடைப் என்று ஓர் எளிய பதிப்பு வந்தது. எதிர்த்திசையில் போனது செவன்த் சாகா. 1993இல் அமெரிக்கப் பதிப்பில் நாயகன் லெவல் ஏறும்போது கூடும் பலத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் போட்டிக்கு வரும் மற்ற சீடர்கள் பழைய ஜப்பானிய கணக்கிலேயே வளர்கிறார்கள். விளைவு: நீங்கள் எவ்வளவு லெவல் ஏற்றினாலும் அவர்கள் உங்களைவிட வேகமாக ஏறுவார்கள். உழைத்தவனைத் தண்டிக்கும் கேம் அது. லூனார் எடர்னல் ப்ளூவின் ஆங்கில சேகா சிடி பதிப்பிலோ சேவ் செய்வதற்கே மந்திர அனுபவப் புள்ளிகளைச் செலவழிக்க வேண்டும். நான் சொல்லும் தூரத்துக்கு அவர்கள் நேரடியாக விலையே வைத்துவிட்டார்கள்! துணிச்சலான யோசனைதான், ஆனால் வேலைக்குப் போகிறவர் வீட்டில் பாதியில் எழுந்து போக வேண்டியிருக்குமே என்பதை யோசிக்கவில்லை.

மறுபதிப்புகளுக்கு வருவோம். 2004இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த டான் ஆஃப் சோல்ஸ் முதல் ஃபைனல் ஃபேண்டஸியை எப்படிக் கரைத்தது? மந்திர எண்ணிக்கைக்குப் பதில் எம்.பி. என்ற பொதுவான மந்திரப் புள்ளிகளை வைத்தார்கள். அதை நிரப்ப மருந்து வைத்தார்கள். எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்ய விட்டார்கள். லெவலும் வேகமாக ஏறும். சதுப்புக் குகை இப்போது வெறும் நடைபாதை. தூரத்தை அழித்தவர்கள் அதற்கு ஈடாக ஒவ்வொரு சண்டையையும் கூர்மையாக்கியிருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை. பின்னர் வந்த பிக்சல் ரீமாஸ்டர் என்ற மறுபதிப்பு மந்திர எண்ணிக்கையைத் திருப்பிக் கொண்டுவந்தது. 2023இல் கன்சோலுக்கு வந்தபோது அனுபவத்தை நான்கு மடங்கு வரை கூட்டவும், சண்டைகளை அடியோடு நிறுத்தவும் வசதி சேர்ந்தது. ஆட்டக்காரரின் கையில் குமிழைக் கொடுப்பது எனக்குச் சம்மதமே. 2024இல் வந்த மூன்றாம் டிராகன் குவெஸ்ட் மறுபதிப்பில் எளிய நிலையைத் தேர்ந்தால் உங்கள் ஆட்களின் உயிர் 1க்குக் கீழே இறங்காது. கதைக்காக வருகிறவருக்கு அது போதும்.

டார்க் சோல்ஸ் வகையறாவில் கூட இதே கணக்கைக் காணலாம். செத்தால் மறுபடி எழும் தீமூட்டத்திலிருந்து பாஸ் என்ற பெரிய எதிரி வரை ஓடுகிற ஓட்டம்தான் பாதிப் பேரின் எரிச்சல். 2022இன் எல்டன் ரிங்கில் பல பாஸ்களின் வாசலிலேயே மறுபிறப்புக் கம்பத்தை நட்டார்கள். பதிலுக்கு பாஸ்களை மிகக் கடுமையாக்கினார்கள். தூரத்தைக் குறைத்தால் என்ன ஈடு கொடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே சரியான முன்மாதிரி.

வழக்கமாக வருகிற கேள்வி ஒன்று: எமுலேட்டரில், அதாவது பழைய கருவியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளில், விளையாடும்போது எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட வேண்டும்? வேகமாக ஓட்டும் பொத்தானைத் தாராளமாக அழுத்துங்கள்; அது உங்கள் நேரத்தைத்தான் மிச்சப்படுத்துகிறது, கணக்கைத் தொடவில்லை. கேமோடு வந்த கையேட்டைப் படியுங்கள். அந்தக் காலத்துக் கேம்கள் பாதி விவரத்தைக் காகிதத்தில்தான் வைத்தன. ஆயுத விலையும் மந்திரப் பட்டியலும் அங்கேதான் இருக்கும். நிலவறைக்குக் கட்டம் போட்ட தாளில் வரைபடம் போடுங்கள். எந்த நொடியையும் அப்படியே பதிந்துவைக்கும் சேவ் ஸ்டேட்டுக்கு மட்டும் ஒரு வரம்பு வையுங்கள்: எழுந்து போகும்போது ஒன்று, திரும்பி வந்ததும் அதை ஏற்றி உடனே அழித்துவிடுவது. சண்டைக்கு நடுவில், பெட்டி திறக்கும் முன், பாஸ் கதவில் என்று போட ஆரம்பித்தால் குப்பி எண்ண வேண்டிய அவசியமே இருக்காது. நான் இவ்வளவு நேரம் பேசிய எதுவும் உங்கள் திரையில் நடக்காது.

புதிதாகத் தொடங்குகிறவர் மூன்றாம் டிராகன் குவெஸ்டில் தொடங்கட்டும். பாதித் தங்கம் போகும் விதி, வங்கி, பேட்டரி சேவ் மூன்றும் அங்கே ஒன்றுசேர்ந்திருக்கின்றன. அதன் பிறகு முதல் ஃபைனல் ஃபேண்டஸி, ரீமாஸ்டரில், அனுபவக் குமிழை ஒன்றிலேயே வைத்து, விரைவாக சேவ் செய்யும் வசதியைக் குகைக்குள் தொடாமல். விசர்ட்ரி மூன்றாவதாக வரட்டும். செவன்த் சாகாவை விளையாடியே ஆக வேண்டுமென்றால் எல்னார்ட் என்ற பெயரில் வந்த ஜப்பானியப் பதிப்பின் கணக்கைத் தேடி எடுங்கள்.