பஸ்ஸுக்கு முன்னால் பத்தடி

(குடியாத்தம் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்று, பிறகு சில வருஷம் பள்ளி பஸ்ஸும் ஓட்டிய ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன். முப்பது வருஷம் இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை இது.

ஹெட்மாஸ்டர் ஐயா சாலை விதிகளைப் பற்றிப் பேசச் சொன்னார். சிவப்பு விளக்குக்கு நிற்க வேண்டும் என்பதை உங்கள் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நம்ம ஊரில் விளக்கு எங்கே இருக்கிறது, அது வேறு விஷயம். நான் பத்தடி தூரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் இருக்கிற பத்தடி.

தம்பி, நீ வா. எந்த வகுப்பு? ஒன்றாவதா, சரி. இந்தப் பேச்சு மேஜைக்கு அந்தப் பக்கம், மேஜையை ஒட்டி நில். இப்போது நான் இங்கிருந்து நேராகப் பார்க்கிறேன். உங்களுக்கெல்லாம் இவன் தெரிகிறான். எனக்கு ஒரு முடிகூடத் தெரியவில்லை. இரண்டு எட்டு பின்னால் போ. எண்ணெய் வைத்த வகிடு தெரிகிறது. இன்னும் இரண்டு எட்டு. இப்போதுதான் முகம் வந்தது. சிரிக்கிறான் பாருங்கள். பஸ்ஸில் டிரைவர் சீட் இதைவிட உயரம், முன்பக்கம் இதைவிட அகலம். அதற்கென்று வட்டக் கண்ணாடி மாட்டித் தருகிறார்கள். காலையில் துணியால் ஒரு தடவை துடைத்தால் உதவும். துடைக்காத கண்ணாடியில் லத்தேரி ரோட்டுப் புழுதிதான் தெரியும். போய் உட்கார், தம்பி.

நானே தப்பிப் பிழைத்த கதை ஒன்று சொல்கிறேன். பள்ளி பஸ் ஓட்டிய முதல் வருஷம். சாயங்காலம் ஒரு ஸ்டாப்பிங்கில் நான்கு பிள்ளைகள் இறங்குவார்கள். அன்றைக்கு ஆயாம்மா வரவில்லை. நான்கு பேரும் இறங்கினார்கள், கதவைச் சாத்தினேன், கியரைப் போட்டேன். நடந்து போகிறவர்களைப் பார்த்தால் மூன்று முதுகுதான் இருக்கிறது. நாலாவது முன்னே ஓடியிருக்கும் என்று மனசு சொன்னது. கால் கிளட்ச்சை விடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். பம்பருக்கு அடியில் கையை நீட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். டிபன் டப்பா மூடி உருண்டு போயிருக்கிறது. என்னைப் பார்த்து, "மூடி கெடச்சிடுச்சு தாத்தா" என்றாள்.

அன்றைக்கு வண்டியை ஷெட்டில் விட்ட பிறகும் வெகுநேரம் என் முழங்கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. எத்தனை தலை இறங்கியதோ அத்தனை முதுகு நடந்து போவதைப் பார்த்தால்தான் வண்டி நகரும். அந்தக் கணக்கை அதற்கப்புறம் நான் விட்டதே இல்லை. வேன் ஓட்டுகிற தம்பிகளுக்கும் அதுவேதான். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஓர் ஆள் நிற்காமல் எடுக்காதீர்கள். பீப் பீப் சத்தம் குழந்தைக்கு விளையாட்டுச் சத்தம்.

இனி பெற்றோர் பக்கம் வருகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது.

பஸ் கதவு இடப்பக்கம். வீடு வலப்பக்கம் இருந்தால் பிள்ளை ரோட்டைத் தாண்டியாக வேண்டும். அம்மா எங்கே நிற்கிறாள்? வீட்டு வாசலில், எதிர்ப்பக்கம். பஸ் நின்றதும் "கண்ணு, வா" என்று கையை நீட்டுகிறாள். பிள்ளைக்கு அந்தக் கை மட்டும்தான் தெரியும். பஸ் மறைவிலிருந்து பாய்ந்து ஓடும். பஸ்ஸை முந்திக்கொண்டு வருகிற பைக்காரனுக்குப் பிள்ளை தெரியாது, பிள்ளைக்கும் அவன் தெரியான். இப்படி ஒரு பையன் கால் உடைந்து மூன்று மாதம் மாவுக்கட்டோடு கிடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அப்பன் டிரைவரைத் திட்டினான், டிரைவர் பைக்காரனைத் திட்டினான், பைக்காரன் பையனைத் திட்டினான். அப்பன் எதிர்ப்பக்க டீக்கடையில் நின்று கூப்பிட்டதை யாரும் பேசவில்லை. அதனால் பஸ் நிற்கிற பக்கம் போய் நில்லுங்கள். பஸ் கிளம்பிப் போகட்டும். ரோடு இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிந்த பிறகு கையைப் பிடித்துக் கூட்டிவாருங்கள். ஒரு நிமிஷம் ஆகும். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

அமெரிக்காவில் பள்ளி பஸ் சிவப்பு விளக்கை மினுக்கி நின்றால், அந்தச் சாலையில் முன்னும் பின்னும் வருகிற வண்டிகள் நின்றுவிட வேண்டும் என்று சட்டம். பஸ்ஸுக்கு மஞ்சள் நிறத்தைக்கூட 1939-ல் ஒரு மாநாடு கூட்டித் தேர்ந்தெடுத்தார்கள். மங்கலான வெளிச்சத்திலும் மஞ்சள்மேல் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரியும் என்பது காரணம். நிறம் நம்ம ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது. நிற்கிற பழக்கம் வழியிலேயே எங்கோ இறங்கிக்கொண்டது.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறீர்கள். குழந்தையைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக அந்த ஒரு விநாடி ஆகிவிடும். பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 9 மீட்டர். ஆக 20 மீட்டர். 60-ல் வந்தால் இதுவே கிட்டத்தட்ட 36 மீட்டர். அதுவும் காய்ந்த தார் ரோட்டில், நல்ல டயரில். அம்முண்டி சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர் சக்கை சிந்திய ரோட்டில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பள்ளி பஸ்ஸுக்கு 40-க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும் என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. பஸ்ஸுக்குப் பூட்டியாயிற்று. அதை முந்துகிறவனுக்கு யார் பூட்டுவது?

2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளி பஸ்ஸின் தரைப் பலகையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்துபோனது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. அந்த வருஷமே தமிழ்நாட்டில் பள்ளி பஸ்களுக்கென்று தனி விதிகள் வந்தன. மே மாதம் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டி வண்டியாக ஏறிப் பார்க்கிறாரே, அதை வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். ஆனால் அவர் பார்ப்பது மே மாதத்து வண்டியை. நவம்பர் மழையில் பலகை எப்படி இருக்கிறது என்று தினமும் அதில் ஏறுகிற உங்கள் பிள்ளைக்குத்தான் தெரியும். ராத்திரி சோறு போடும்போது கேட்டுப் பாருங்கள், எல்லாம் சொல்வார்கள்.

ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பையனிடம் வண்டிச் சாவி கொடுக்கிற நைனாக்கள் கையைத் தூக்குங்கள். ஒருவரும் தூக்கமாட்டீர்கள், தெரியும். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஐந்து வண்டி நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். 2019-ல் திருத்திய சட்டப்படி, பையன் மாட்டினால் குற்றவாளி நீங்கள். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவும் ஒரு வருஷம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

கடைசியாக நம்ம வளைவு ஸ்டாப்பிங். புளியமரம் மறைக்கிற இடத்தில் பஸ் நிற்கிறது. பின்னால் வருகிறவனுக்கு அங்கே பஸ் நிற்பது தெரிவதற்குள் பக்கத்தில் வந்துவிடுகிறான். நாற்பது மீட்டர் தள்ளி நிறுத்தினால் இரண்டு பக்கமும் தெரியும் என்று நினைக்கிறேன், ஆனால் அளந்து பார்க்க வேண்டும். கொத்தனார் அண்ணன் டேப் வைத்திருக்கிறாரா? வைத்திருக்கிறார். பஸ் டிரைவர் தம்பி, நீயும் வா, ஆயாம்மாவும் வரட்டும். டீ குடித்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே போய்விடலாம்.